கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: செய்தவர்கள் அதற்கு முன் என்ன வேலை பார்த்தார்கள்?

பழனி, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும்: ''அப்பத்தாவுக்குக் கண்ணுல லென்ஸ் வெச்சாச்சு.'' திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப் போவார்கள். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திரும்புவார்கள். சில நாள்களில் அப்பத்தா அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த லென்ஸின் நடுப்பகுதி சுமார் 6 மில்லி மீட்டர் அகலம்தான் இருக்கும். உள்ளே வைத்துவிட்டால் ஆயுளுக்கும் அங்கேயே இருக்க வேண்டியது. டாக்டரின் பெயர் நமக்குத் தெரியும், ஆஸ்பத்திரியின் பெயரும் தெரியும். ஆனால், அந்த லென்ஸைச் செய்தவர்கள் யார்? அந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

மருத்துவக் கருவி செய்யும் எந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போனாலும் 'எங்கள் தலைமைக் குழு' என்று ஒரு பக்கம் இருக்கும். கோட் போட்ட படங்கள், கீழே பட்டங்கள், முன்பு வேலை பார்த்த கம்பெனிகளின் பெயர்கள். நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. படிக்க வேண்டிய பக்கம் அது. ஏன் என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று மலைமேல், கொடைக்கானலில். இன்னொன்று கீழே, மதுரையில்.

மலைமேல் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை

காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உதறிவிட்டு அக்குளில் வைப்போமே, அதுதான். கொடைக்கானலில் செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக் காட்டின் ஓரத்தில், 1980-களின் தொடக்கத்தில் அதற்காக ஒரு தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் அங்கே நிறுத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டன. செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாடுகளுக்குப் போயின.

கொண்டுவந்த நிறுவனம் சீஸ்ப்ரோ பாண்ட்ஸ். வாசலின், பாண்ட்ஸ் கிரீம், பவுடர் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். 1987-ல் அந்த நிறுவனத்தை உலக அளவில் யூனிலீவர் வாங்கியதால், கொடைக்கானல் ஆலையும் சோப்பும் ஷாம்புவும் விற்கும் குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் பெரிய கடையில் தெர்மாமீட்டர் ஓர் ஓரத்துச் சரக்கு.

பாதரசம் மற்ற உலோகங்களைப் போல இல்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. தொடர்ந்து மூச்சில் போனால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எனவே, கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பும் வேலையில் காற்றோட்டம், துணி மாற்றுவது, உடைந்த சில்லுகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஒவ்வொன்றும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2001 மார்ச் மாதம் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் போராட்டம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலையால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. மனிதாபிமான அடிப்படையில் உதவுவதாகச் சொல்லியே அது கையெழுத்திட்டது. தங்கள் நோய்களுக்கும் மரணங்களுக்கும் பாதரசமே காரணம் என்பது தொழிலாளர் தரப்பு.

யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கதையில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கிரீம் விற்கத் தெரிந்த அனுபவம் பாதரசத்தைக் கையாளப் போதாது. பாதரச ஆவியின் குணம் தெரிந்த ஒருவர், ''இது ஆகாது, நிறுத்துங்கள்'' என்று சொல்லும் அதிகாரத்தோடு மேலிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய தொழில் அது.

ஓய்வு பெற்ற நாளில் ஒரு தொடக்கம்

இப்போது மலையை விட்டு இறங்கி மதுரைக்குப் போவோம்.

1976. மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 58 வயதில் ஓய்வு பெற்றார். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்தார், ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைச் சிறு வயதில் பார்த்தவர் என்பதால் பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

ஆனால், முடக்குவாதம் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவம் பார்க்க முடியாது என்றானதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்குத் தோதான கருவிகளைத் தானே வடிவமைத்துக்கொண்டார். அந்த விரல்களால் வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். கருவி என்பது கைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்ற பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, உடம்பால் படித்தார்.

ஓய்வு பெற்ற கையோடு மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிக்காரர்கள் கை விரித்தபோது வீட்டை அடமானம் வைத்தார், குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பத்தில் பலர் கண் மருத்துவர்கள். தம்பி ஜி.சீனிவாசன் கட்டுமானத் துறைக்காரர் என்பதால் மருத்துவமனைக் கட்டடங்களை எழுப்பும் பொறுப்பு அவருக்கு வந்தது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள், முடியாதவர்கள் இலவசமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

'சோடாபுட்டி' காலம்

அப்போது கண்புரைக்கு என்ன சிகிச்சை? மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் எதையும் வைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, வெளியே போட்டுக்கொள்ளத் தடித்த கண்ணாடி தருவார்கள். 'சோடாபுட்டி கண்ணாடி' என்று கேலி செய்வோமே, அதில் பெரும்பகுதி இதுதான். அதைப் போட்டால் எதிரே இருப்பது பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. வயலிலோ ஆடு மேய்க்கும் இடத்திலோ அந்தக் கண்ணாடி விழுந்து உடைந்தால் மனிதர் மறுபடி பார்வை இல்லாதவர்தான்.

கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை பணக்கார நாடுகளில் பரவிவிட்டிருந்தது. ஆனால், 1980-களில் ஒரு லென்ஸின் விலை ஏறக்குறைய 100 டாலர். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று சர்வதேச நிபுணர்கள் பலர் சொன்னார்கள். பணக்காரருக்கு ஒரு பார்வை, ஏழைக்கு இன்னொரு பார்வையா என்பது டாக்டர் வெங்கடசாமியின் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதிலாக 1992-ல் மதுரையில் உருவானதுதான் 'அரோலேப்'. லாப நோக்கமற்ற அறக்கட்டளை நடத்தும் லென்ஸ் தொழிற்சாலை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

இங்கேதான் நம் கேள்விக்கு வருகிறோம். இதை முன்னின்று செய்தவர்களில் யாரும் அதற்கு முன் லென்ஸ் தொழில் நடத்தியவர்கள் இல்லை.

டேவிட் கிரீன் அமெரிக்கர். பொது சுகாதாரம் படித்தவர். பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்த மருத்துவர்களும் அவர்கள் நண்பர்களும் 1978-ல் தொடங்கிய 'சேவா' அமைப்பின் சார்பில் மதுரைக்கு வந்தார். முதலில் அவர் பார்த்த வேலை, வெளிநாட்டு நிறுவனங்களிடம் கேட்டு இலவச லென்ஸ்களைத் திரட்டித் தருவது. தானமாக வரும் சரக்கு எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. வாங்குவதைவிட நாமே செய்தால் என்ன என்ற யோசனையை அவர் கையில் எடுத்தார். தொழில்நுட்பம் தர முன்வரும் அமெரிக்க நிறுவனத்தைத் தேடிப் பிடித்ததில் அவர் பங்கு பெரியது. 2004-ல் மெக்கார்தர் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆர்.டி.துளசிராஜ் கொல்கத்தா ஐ.ஐ.எம்-மில் நிர்வாகம் படித்தவர். தனியார் நிறுவன வேலையை விட்டுவிட்டு அரவிந்துக்கு வந்தவர். ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், எவ்வளவு செலவு என்று கணக்குப் போடும் கண் அவருடையது. எத்தனை லென்ஸ் தேவை, எந்த விலைக்கு வந்தால் ஏழைக்கும் வைக்க முடியும் என்ற கணக்கு மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. அரோலேப் தன் முதல் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் பி.பாலகிருஷ்ணன் கண் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே வேலை பார்த்த பொறியாளர். மதுரைக்குத் திரும்பி அரோலேப்பின் நிர்வாக இயக்குநர் ஆனார். பெரிய தொழிற்சாலைகளில் ஒரு பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற ஒழுங்கை அறிந்தவர். லென்ஸ் தொழிலுக்கு உயிர்நாடியே அந்த ஒழுங்குதான்.

எப்படி? ஆரம்பத்தில் செய்த லென்ஸ்கள் பி.எம்.எம்.ஏ என்ற தெளிவான கடின பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக்கை நுட்பமான கடைசல் இயந்திரத்தில் கடைந்து, கண்ணுக்குள் பிடித்து நிற்க மெல்லிய கொக்கிகள் வைத்து, மெருகேற்றி, கழுவி, ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தூசு இல்லாத அறையில் பொட்டலம் கட்டி, வாயுவால் கிருமி நீக்க வேண்டும். விளிம்பில் ஒரு கீறல், மேலே ஒரு தூசு, எழுதியிருக்கும் பவரில் ஒரு பிழை - எதுவானாலும் கஷ்டப்படப்போவது யாரோ ஒருவரின் கண்.

அந்த மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ப்ளஸ் டூ முடித்து வந்த பெண்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக்கும் வழக்கம் அரவிந்தில் ஏற்கெனவே இருந்தது. டாக்டர் நாச்சியார் அதை வளர்த்தெடுத்தவர். அதே வழக்கத்தைத் தொழிற்சாலையும் பின்பற்றியது. தலைமைக் குழுப் பக்கத்தில் இவர்களின் படம் இருக்காது. ஆனால், லென்ஸ் நல்லதா கெட்டதா என்று கடைசியாகப் பார்க்கும் கண் இவர்களுடையது.

சுமார் 100 டாலர் விலைக்கு விற்ற பொருள் முதலில் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போனது. தையல் நூல், கண் மருந்து என்று அரோலேப் விரிந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து லென்ஸ் போகிறது. தடித்த கண்ணாடி போதும் என்று சொல்லப்பட்ட நாடுகளும் அதில் அடக்கம்.

டாக்டர் மட்டும் போதுமா?

போதாது. இந்த லென்ஸ் பிறந்த கதையே அதற்குச் சாட்சி.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்தன. அவை உள்ளேயே கிடந்தும் கண் பெரிதாகப் புண்ணாகவில்லை என்பதை ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் கவனித்தார். அந்தப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்தால் என்ன என்று யோசித்தார். யோசனை அவருடையது, செய்தவர்கள் வேறு. கண் மருத்துவ லென்ஸ்களில் பெயர் பெற்ற 'ரேய்னர்' நிறுவனத்தார் அதை உருவாக்கினார்கள். சுத்தமான பிளாஸ்டிக்கை வேதியியல் நிபுணர்கள் தயாரித்துத் தந்தார்கள். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் லென்ஸ் ஒரு மனிதக் கண்ணுக்குள் போனது. நோயாளியைப் பார்த்தவர், பொருளை அறிந்தவர், செய்யத் தெரிந்தவர் என்று மூவரும் சேர்ந்த வேலை அது.

நம் பக்கத்து மாநிலத்திலும் இதே கதைதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தை வளர்த்த டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் இதய அறுவை சிகிச்சை நிபுணர். வெளிநாட்டு இதய வால்வு ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததைப் பார்த்து, பொறியாளர் புவனேஸ்வர் உள்ளிட்ட குழுவோடு இந்திய வால்வைச் செய்ய இறங்கினார். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதுதான் தேறியது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு அதைத் தொழிற்சாலையில் தயாரித்து விற்கும் பொறுப்பை நம் டி.டி.கே குழுமம் ஏற்றது. மூன்று முறை தோற்றும் விடாமல் இருந்ததற்கு, வால்வு வாங்க முடியாத நோயாளிகளைப் பார்த்த ஒருவர் தலைமையில் இருந்தது முக்கியக் காரணம்.

அதே ஸ்ரீசித்திராவில் உருவான ரத்தப் பையைத் தயாரித்து விற்க முன்வந்தவரின் முந்தைய வேலை இன்னும் ஆச்சரியம். சி.பாலகோபால் மணிப்பூரில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ் அதிகாரி. பதவியை விட்டு விலகி 1980-களில் பெனின்சுலா பாலிமர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஜப்பானின் டெருமோவோடு சேர்ந்து 'டெருமோ பென்போல்' ஆனது அதுதான். அவருக்கு மருத்துவமும் தெரியாது, பிளாஸ்டிக்கும் தெரியாது. தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் பொறுமையாகக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது.

ஆகவே, மருத்துவக் கருவி நிறுவனத்தை நடத்த இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஓய்வு பெற்ற அரசு டாக்டர், ஐ.ஐ.எம் பட்டதாரி, ஐ.ஏ.எஸ் பதவியை விட்டவர் - யாரும் வரலாம். பார்க்க வேண்டியது வேறு. அந்தக் குழுவில் நோயாளியின் பக்கத்தில் நின்றவர் ஒருவர் இருக்கிறாரா? பொருளின் குணமும் ஆபத்தும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரா? அவர் 'வேண்டாம்' என்றால் மற்றவர்கள் நிறுத்துவார்களா?

உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால்...

இந்தக் கேள்விகளை எல்லாம் கம்பெனி முதலாளியிடம் போய்க் கேட்க முடியாது. ஆனால், சிலவற்றை நாம் செய்யலாம்.

* கண்புரை ஆபரேஷனுக்கு முன், எந்த நிறுவனத்தின் லென்ஸ், மடங்கும் வகையா மடங்காத வகையா, விலை என்ன என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், இது நோயாளியின் உரிமை.

* விலை அதிகமான லென்ஸ் எல்லோருக்கும் அவசியம் இல்லை. மடங்கும் லென்ஸுக்குச் சின்ன வெட்டு போதும். மல்டிஃபோகல் வகை சிலருக்குக் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும், சிலருக்கு இரவு வெளிச்சத்தில் கூச்சம் தரும். அப்பத்தா எதற்காகப் பார்க்க வேண்டும் என்பதை டாக்டரிடம் சொல்லி முடிவெடுங்கள்.

* லென்ஸ் பொட்டலத்தோடு நிறுவனத்தின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை டிஸ்சார்ஜ் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது பிரச்னை என்றால், கண்ணுக்குள் இருப்பது எது என்று சொல்லும் ஆதாரம் அதுதான். இதய வால்வு, ஸ்டென்ட், செயற்கை மூட்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

* வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்து உடைந்தால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கெட்டியான காகிதத்தால் உருண்டைகளைச் சேர்த்து, மூடி போட்ட பாட்டிலில் அடையுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

நேரம் கிடைத்தால் ஸ்டிக்கரில் இருக்கும் அந்த நிறுவனத்தின் பெயரை போனில் தேடிப் பாருங்கள். 'தலைமைக் குழு' பக்கம் வரும். பட்டங்களைத் தாண்டி, இவர்கள் இதற்கு முன் எங்கே நின்றவர்கள் என்று ஒரு நிமிடம் வாசியுங்கள். அவர்கள் செய்த பொருளோடுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் இனி உலகத்தைப் பார்க்கப்போகிறார்கள்.